கூரையிற் குறைந்த எடை

மோட்டார் வண்டிகளில் ஆர்வமுடைய மாணவர் சிலர், வண்டியின் மேற்றகடுகள் அனைத்தையும் கார்பன் இழையால் மாற்றினால் என்ன என்று என்னை வினவுவதுண்டு. எடை எவ்வளவு குறையும் என்பதே அவர்கள் கணக்கு. எவ்விடத்திற் குறைகின்றது என்பதை அவர்கள் கேட்பதில்லை. எனக்கோ அதுவே முதற்கண் ஆராயத்தக்கதாகத் தோன்றுகின்றது.

ஜெர்மனி தேசத்துப் பி.எம்.டபிள்யூ. கம்பெனியார் 2003-ஆம் ஆண்டில் எம்3 சி.எஸ்.எல். என்னும் வண்டியை வெளியிட்டனர். அது தன் இனத்துப் பொது வண்டியினும் ஏறக்குறைய 110 கிலோகிராம் இலேசானது. அதன் கூரை எஃகினாலன்றிக் கார்பன் இழையால் ஆயது. ஆயினும் அக்கூரையால் விளைந்த எடைக்குறைவு 6 அல்லது 7 கிலோகிராமே. இச்சிறு பயனுக்காகவோ இத்துணை விலையுயர்ந்த பொருளைச் செலவிட்டனர் என்று கேட்கலாம். வைக்கோலை உயர அடுக்கிய வண்டி திருப்பத்திற் சாய்வதைக் கண்டவர்க்கு விடை தானே விளங்கும். உச்சியிலுள்ள பாரத்தைக் குறைத்தால் புவியீர்ப்பு மையம் தாழும். வண்டி வளைவுகளில் நிலைகொண்டு செல்லும். அதே எடையை அடித்தளத்திற் குறைத்தாலோ அம்மையம் சிறிது உயர்ந்துவிடும்! முன்னுள்ள பானெட்டுக்கும் ஒரு சிறப்புண்டு. நடுவினின்று விலகிய பாரம் குறைந்தால், வண்டியைத் திருப்புதல் எளிதாகும். அமெரிக்காவில் 2004-ஆம் ஆண்டுக் கார்வெட் இசட்06 வண்டியின் சிறப்பு வகையொன்றிற்குக் கார்பன் இழைப் பானெட் அமைத்தனர்.

இப்பொருள் உண்டாகும் விதத்தையும் அறிதல் வேண்டும். பாலிஅக்ரிலோநைட்ரைல் என்னும் செயற்கை நூலை முதலிற் காற்றில் 200 முதல் 300 டிகிரி வரை சூடேற்றுவர். பின்னர்ப் பிராணவாயு புகாத உலையில் 1,000 டிகிரிக்கு மேலும் காய்ச்சுவர். எஞ்சுவது பெரும்பாலும் கரியே. தலைமயிரினும் பன்மடங்கு மெல்லிய அவ்விழைகளைத் துணியாக நெய்து, பிசினில் தோய்த்து, அச்சிலிட்டு இறுகச் செய்வர். எஃகு நீரினும் 7.8 மடங்கு கனமுடையது. இத்தகடோ ஏறக்குறைய 1.6 மடங்கே. இழை ஓடும் திசையில் வலிமை மிகுதி, குறுக்கே குறைவு. ஆதலின் அடுக்குக்கு அடுக்குத் திசை மாற்றி இடுதல் வேண்டும். உலைக்கு வேண்டும் வெப்பமும், இவ்வேலைக்கு வேண்டும் பொழுதும் சேர்ந்தே விலையை உயர்த்துகின்றன. சிலர் எஃகு பானெட்டின்மேலேயே அழகுக்காகக் கார்பன் துணியை ஒட்டிக்கொள்கின்றனர். அவர்தம் வண்டிக்கு எடை கூடிற்றேயன்றிக் குறைந்ததில்லை.

கதவுகளையும் மட்கார்டுகளையும் இப்பொருளாற் செய்தல் அன்றாட வண்டிக்கு ஏற்றதன்று என்பது என் துணிபு. எஃகுத் தகடு மோதினால் நசுங்கும். டிங்கர் வேலைக்காரர் சுத்தியலால் தட்டி அதனை நிமிர்த்திவிடுவார். கார்பன் தகடோ விரிசலுறும். சில வேளைகளில் மேலே வடுவின்றி உள்ளடுக்குகள் பிரிந்து நிற்கும். அங்கே அவர் சுத்தியலுக்கு வேலை இல்லை.

மேற்கூறிய கம்பெனியாரே 2013 முதல் 2022 வரை ஐ3 என்னும் மின்சார வண்டியைச் செய்துவந்தனர். மின்கலத்தின் பெரும்பாரத்தை ஈடுசெய்யும் பொருட்டு, பிரயாணிகள் அமரும் கூட்டினைக் கார்பன் இழையால் அமைத்தனர். நீர்வீழ்ச்சி மின்சாரம் மலிந்த வாஷிங்டன் மாகாணத்து மோசஸ் லேக் என்னும் ஊரில் அவ்விழைக்குரிய ஆலையை நிறுவினர். ஆனால் அவ்வண்டியின் கதவுகளையும் பக்கங்களையும் போர்த்தது சாதாரண பிளாஸ்டிக் தகடே. இடித்துடைந்தால் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டிக்கொள்ளலாம். கூரையை மட்டும், உற்பத்தியில் வெட்டியெறிந்த கார்பன் துணுக்குகளைத் திரட்டிச் செய்துகொண்டனர்.