தேற்றுகிறவரைத் தேற்றுவது யார்?



1990இல் வெளியே போன என் கணவர் திரும்பி வரவில்லை. இரண்டு சின்னப் பிள்ளைகளோடு பாண்டிருப்பில் நான் தவித்திருந்த நேரம், படலையைத் திறந்துகொண்டு முதலில் வந்தவர் எங்கள் சபைப் போதகர். காணாமற்போனோர் படிவத்தை நிரப்பித் தந்தார். பிள்ளைகளின் படிப்புக்கு வழி செய்தார். அவருக்குப் பின் வேறு போதகர்கள் வந்தார்கள், இடமாற்றத்தில் போனார்கள். எல்லாரிடமும் என் கவலையைச் சொல்லி அழுதிருக்கிறேன். "ஐயா, நீங்கள் சுகமா?" என்று ஒருவரையும் கேட்டதில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் வந்தது. கல்முனைக் கரையில் தமிழர், முஸ்லிம்கள் என்று பார்க்காமல் அள்ளிக்கொண்டு போனது. அப்போதிருந்த போதகர் ஐயா நாட்கணக்காகச் சடலங்களை அடக்கம் செய்தார். முகாம்களில் சாப்பாட்டுக்கு ஓடித்திரிந்தார்.

ஒரு பின்னேரம் நிவாரணக் கடிதமொன்றுக்காக மிஷன் வீட்டுக்குப் போனேன். குசினியில் போதகர் அம்மா அழுதுகொண்டிருந்தா.

"இவருக்கு நித்திரையே இல்ல அக்கா. கண்ண மூடினா அந்தப் பிள்ளைகள்ட முகம்தான் தெரியுதாம். சபையாருக்குச் சொல்லாத, அவங்க பயந்திடுவாங்க எண்டு சொல்றார்."

வந்த காரியத்தைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அடுத்த நாள் புட்டும் மீன் கறியும் சமைத்துக் கொண்டு போனேன். அவர்களுடைய பிள்ளைகளை என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். வாசலில் ஆட்கள் தட்டாதபடி இரண்டு சகோதரிகள் இருந்து பார்த்துக்கொண்டார்கள். அன்று ஐயா மூன்று மணித்தியாலம் நித்திரை கொண்டார். விசயமறிந்த மருதமுனை ராத்தா ஒருவர், தன் வீட்டையும் கடல் கொண்டுபோயிருக்க, மறுநாள் ஒரு பார்சல் சோறு அனுப்பினார்.

"அவருக்குக் கடவுள் இருக்கிறார்தானே" என்று சிலர் சொல்வார்கள். 1814இல் முதல் மெதடிஸ்த மிஷனரியாக மட்டக்களப்புக்கு வந்த வில்லியம் ஓல்ட்டை நினைத்துப் பார்ப்பேன். கப்பற் பயணத்திலேயே மனைவியை இழந்தவர். தனியாக வந்து பள்ளிக்கூடங்களைத் தொடங்கினார். ஒரு வருடம் முடியுமுன், 1815 ஏப்ரலில், இறந்துபோனார். அவருக்கும் கடவுள் இருந்தார். பக்கத்தில் இருந்து கஞ்சி காய்ச்சிக் கொடுக்க ஒரு சொந்தம் இருக்கவில்லை.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. பிள்ளைகள் பலரும் மாண்டார்கள். ஐந்து நாளில் சாய்ந்தமருதிலும் வெடித்தது. ஊரெல்லாம் ஒருவரையொருவர் பார்க்கப் பயந்திருந்தோம். இம்முறை நான் பிந்தவில்லை. எங்கள் போதகருக்குப் போன் எடுத்தேன்.

"ஐயா, சாப்பிட்டீங்களா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "இன்னும் இல்லம்மா" என்றார். பிறகு அரை மணித்தியாலம் அவர் பேசினார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதை இன்றுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை.

சகோதரிகளே, பெரிய உதவி செய்ய நம்மிடம் பணமில்லை. ஆனால் போதகரின் வீட்டைப் பற்றி வரும் கதையை நம்மோடு நிறுத்தலாம். கிழமையில் ஒரு நாளாவது அவரைக் குடும்பத்தோடு இருக்க விடலாம். குறை சொல்லப் போகும் வாசலுக்கு ஒரு நாள் சும்மா போய்ச் சுகம் விசாரிக்கலாம். துக்கம் என்னவென்று நமக்குத் தெரியும். துக்கத்தைச் சுமக்கிறவரின் முகத்தை நாம் அடையாளம் காணாவிட்டால், வேறு யார் காண்பது?