மலாய் நாட்டுப் பயணம் – 2: சுண்டைக்காயும் சுமைகூலியும்

முப்பது நாள் வரை தங்குவதற்கு நம் நாட்டவருக்கு விசா வேண்டியதில்லை என்று மலேசிய அரசாங்கம் 2023 டிசம்பர் முதல் தேதியிலிருந்து சலுகை அளித்ததையும், அந்தச் சலுகை என்னைப் போன்ற சொற்ப வருமானக்காரனுக்குக்கூடக் கடல் கடக்கும் சபலத்தை உண்டாக்கியதையும், மலிவாக ஒரு விமான டிக்கட் அகப்பட்டதையும் சென்ற இதழில் எழுதியிருந்தேன். இந்த இதழிலாவது நான் கோலாலம்பூரில் இறங்கியிருக்க வேண்டும் என்று வாசகர்கள் எதிர்பார்ப்பது நியாயமே. ஆனால் மூட்டை கட்டிய கதையைச் சொல்லாமல் விமானம் ஏற எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில் இந்தப் பிரயாணத்தின் வரவு செலவு முழுவதும் அந்த மூட்டையில்தான் நிர்ணயமாயிற்று.

நான் வசிப்பது பம்பாயில், தேவ்நாரில். செம்பூருக்கு அண்டையில், கோவண்டி ஸ்டேஷனை அடுத்துள்ள இந்தப் பகுதியைக் கல்விமான்கள் 1954 முதல் இங்கே இருந்துவரும் டாட்டா சமூக விஞ்ஞானக் கல்விக் கழகத்தைக் கொண்டு அறிவார்கள். ஆட்டு வியாபாரிகள் பக்ரீத் சந்தையைக் கொண்டு அறிவார்கள். மற்றவர்கள் எல்லோரும், 1927 முதல் பம்பாய் நகரத்தின் வேண்டாத சாமான்கள் வந்து குவிந்துகொண்டிருக்கும் குப்பை மலையைக் கொண்டுதான் அறிவார்கள். 2016 ஜனவரியில் அந்த மலை தீப்பற்றி எரிந்தபோது, ஜன்னலைச் சாத்தியும் எங்கள் வீட்டுக்குள் புகை வந்து நின்றது. ஒரு காலத்தில் யாரோ ஒருவர் அவசியம் என்று நினைத்துக் காசு கொடுத்து வாங்கிய பொருள்களின் புகை அது என்று அப்போது எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியும் என்ன பிரயோஜனம்? பெட்டி கட்ட உட்கார்ந்தால் எல்லாமே அவசியமாகத்தான் தெரிகிறது.

பத்து வருஷங்களுக்கு முன் சிங்கப்பூர் போனபோது நான் பட்ட அவமானத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். விமான நிலையத்துக் கவுண்டரில் என் பெட்டியைத் தராசில் வைத்த பெண்மணி, அநுமதித்ததற்கு மேல் ஆறு கிலோ இருக்கிறது, பணம் கட்டுங்கள் என்றாள். எனக்குப் பின்னால் நின்ற வரிசை முழுவதும் வேடிக்கை பார்க்க, நான் தரையில் மண்டியிட்டுப் பெட்டியைத் திறந்து, உறவினர்களுக்கென்று கொண்டுபோன பொன்னி அரிசியையும் வடகத்தையும் கையில் எடுப்பதும் மறுபடி வைப்பதுமாக இருந்துவிட்டு, கடைசியில் பணத்தையே கட்டினேன். அரிசியும் வடகமும் சேர்ந்து ஐந்நூறு ரூபாய் பெறாது. கட்டியதோ அதைப் போல் பல மடங்கு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் முன்னோர்கள் சொல்லிவைத்தது விமானக் கம்பெனிகளை மனத்தில் வைத்துத்தானோ என்னவோ!

இந்தத் தடவை அந்தத் தவற்றைச் செய்வதில்லை என்று சங்கல்பம் செய்துகொண்டேன். மலிவுக் கட்டண விமானங்களில் பெரும்பாலானவை, கையோடு எடுத்துச் செல்ல 7 கிலோவை இலவசமாக விடுகின்றன. அதற்கு மேல் பெட்டியைச் சரக்கறையில் போட்டால் தனிக் கட்டணம். என் டிக்கட்டில் அந்தக் கட்டணத்தைப் போக வரச் சேர்த்துக் கணக்குப் பார்த்தேன். டிக்கட் விலையில் மூன்றில் ஒரு பங்கு வந்தது. செலவு அதோடு நிற்குமானால் பரவாயில்லை என்று விட்டிருப்பேன். ஆனால் பெரிய பெட்டி உள்ளவன் லோகல் ரயிலில் ஏற முடியாது, டாக்ஸி பிடிக்க வேண்டும். இறங்கிய ஊரிலும் பஸ்ஸை விட்டு டாக்ஸியைத்தான் தேட வேண்டும். மாடிப்படி உள்ள மலிவான விடுதியை ஒதுக்கிவிட்டு, லிப்ட் உள்ள விடுதிக்குப் போக வேண்டும். அறை காலி செய்த பிற்பாடு பெட்டியைக் காத்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருக்க வேண்டும். பெட்டிக்கு நாம் கொடுக்கும் கூலியைக் காட்டிலும், பெட்டியை முன்னிட்டு மற்றவர்களுக்குக் கொடுக்கும் கூலி அதிகம் என்பது அநுபவத்தில் நான் கண்டது.

ஆகவே முதல் வேலையாகப் பை வாங்கத் தாராவிக்குப் போனேன். சயானிலிருந்து தாராவிக்குள் நுழையும் சாலையில் வரிசையாகத் தோல் சாமான் கடைகள் இருப்பது பம்பாய்வாசிகள் அறிந்ததே. பல தலைமுறைகளுக்கு முன் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிடும் தொழிலில் இறங்கிய நம்மவர்களின் உழைப்பு அந்தத் தெருவில் ஊறியிருக்கிறது. நான் போன கடைக்காரரும் அந்தப் பக்கத்துக்காரர்தான். கண்ணைப் பறிக்கும் ஒரு தோல் பையை நான் எடுத்துத் தோளில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்:

"எங்கன போறீக சார், பிளேன்லயா?"

"ஆமாம் அண்ணாச்சி, மலேசியா. ஏழு கிலோதான் விடுவானாம்."

"அப்பம் அதக் கீழ வையுங்க. வெறும் பையே ரெண்டு கிலோ இருக்கும். பைக்கு ரெண்டு கிலோ போயிட்டா நீங்க என்னத்த வைப்பீக? இந்தா, இந்த நைலான் பையைப் பாருங்க. முக்காக் கிலோ கூட வராது."

தோல் வியாபாரி தோலை வாங்காதே என்று சொல்லக் கேட்டது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை. பாதி விலைகூட இல்லாத அந்த நைலான் பையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் எடை பார்க்கும் சாதனம் இல்லை. தெருமுனையிலுள்ள ரத்திக் கடையில், பழைய பேப்பர் நிறுக்கும் தராசு ஒன்று உண்டு. என் மனைவி ஒரு வாரமாக யோசித்து யோசித்து அடுக்கிய பையைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன். கடைக்காரர் அதைத் தராசில் வைத்து, 11 கிலோ 300 என்று சொல்லிவிட்டு, விற்பதற்கா என்று ஹிந்தியில் கேட்டார். அன்று தொடங்கி நாலு நாள் நான் அந்தத் தராசுக்கு நடந்தேன். முதலில் இரண்டாவது ஜோடிச் செருப்பு போயிற்று. பிறகு ஜமக்காளம், குடை, பெரிய பற்பசை, ஷாம்பூ புட்டி, மூன்று சட்டைகள். திரவப் பண்டங்கள் எதுவாயினும் 100 மில்லிக்கு மேற்பட்ட புட்டியில் கைப்பையில் வரக்கூடாது என்பது, 2006 ஆகஸ்டில் லண்டனில் வெளிப்பட்ட ஒரு சதியின் விளைவாகப் பல நாடுகளில் ஏற்பட்டுவிட்ட விதி. அந்த விதிதான் என் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைச் சின்னதாக்கிற்று. செல்போனுக்கு மின்சாரம் ஏற்றும் பவர் பேங்க் மட்டும் கைப்பையில்தான் இருக்க வேண்டும், சரக்கறைக்குப் போகக்கூடாது. மலேசியச் சுவர்களில் உள்ள மின் துளைகள் செவ்வக முள் மூன்று நுழைவதற்கானவை. நம் ஊர் உருண்டை முள் அவற்றில் நுழையாது. ஆகவே ஒரு சின்ன அடாப்டருக்கு மறுபேச்சின்றி இடம் கொடுத்தேன்.

உடை விஷயத்தில் நம்மவர்களுக்கு இயற்கையாகவே ஒரு சௌகரியம் இருப்பதை இந்தச் சந்தர்ப்பத்தில் கண்டுகொண்டேன். கனத்த ஜீன்ஸ் கால்சட்டையையும் டர்க்கித் துவாலையையும் விட்டுவிட்டு, ஒரு கைலியும் ஓர் ஈரிழைத் துண்டும் எடுத்துக்கொண்டால், அந்த இரண்டிலேயே குளியல், படுக்கை, போர்வை, திரை, அவசரத்துக்கு மூட்டைத் துணி ஆகிய எல்லாம் அடங்கிவிடுகின்றன. இரவில் அலசிப் போட்டால் காலையில் காய்ந்திருக்கின்றன. கைலியைக் கொண்டு போனால் அந்நிய நாட்டில் சிரிக்க மாட்டார்களா என்று என் மகன் கேட்டான். மலாய்க்காரர்கள் கட்டுவதும் அதையேதான். அந்தக் கட்டம் போட்ட துணிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'காயின் பெலிகட்'. பெலிகட் என்பது நம் பழவேற்காடு. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப் போன துணி, ஏற்றி அனுப்பிய துறைமுகத்தின் பெயரையே அங்கே தன் பெயராக வைத்துக்கொண்டுவிட்டது. ஆகவே மகனுடைய ஆட்சேபத்தைத் தள்ளிவிட்டுக் கைலியை மடித்து வைத்தேன்.

நாலாம் நாள் தராசு 6 கிலோ 600 காட்டிற்று. வெற்றி என்று வீட்டுக்குத் திரும்பினால், கூடத்தில் மேல் மாடி மாமி உட்கார்ந்திருந்தாள். மாமியின் பெண்ணும் மாப்பிள்ளையும் கோலாலம்பூரில் இருக்கிறார்கள்.

"ஒண்ணும் கனமில்லேண்ணா, சின்னப் பொட்டலம்தான்" என்றாள் மாமி. சின்னப் பொட்டலம் என்பது ஒரு டின் முறுக்கு, இட்லி மிளகாய்ப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், மாட்டுங்காவில் வாங்கிய அப்பளக் கட்டு, இரண்டு ரவிக்கை.

இங்கேதான் விஷயத்தின் மர்ம ஸ்தானம் இருக்கிறது. தமிழர்கள் குறைந்த சுமையோடு பிரயாணம் செய்ய முடியாமற் போவதற்குக் காரணம் அவர்களுடைய சொந்தச் சாமான் அன்று, பிறத்தியாருடைய பொட்டலம். என் பெரியப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்குக்குப் போனபோது, அவருடைய டிரங்குப் பெட்டியில் அவருக்குச் சொந்தமானவை இரண்டு வேட்டிகளும் ஒரு சட்டையும்தாம் என்றும், மீதியெல்லாம் ஊரார் தங்கள் ஊராருக்குக் கொடுத்தனுப்பியவை என்றும் அவரே சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தக் கப்பலில் மேல்தளத்துப் பிரயாணியின் மூட்டையைக் கிராம் கணக்கில் நிறுத்துப் பார்த்தவர் இல்லை. கொடுத்தனுப்புகிறவர்கள் இன்னும் அந்தக் கப்பல் காலத்திலேயே இருக்கிறார்கள். ஏறுகிறவன் மட்டும் விமான காலத்துக்கு வந்துவிட்டான்.

1931 ஆகஸ்டு 29ஆம் தேதி, இதே பம்பாய்த் துறைமுகத்திலிருந்து வட்டமேஜை மகாநாட்டுக்காக 'ராஜபுதனா' கப்பலில் புறப்பட்ட காந்தியடிகளுக்கும் இந்தச் சங்கடம் நேர்ந்தது. கப்பல் கிளம்பிய பிறகே, உடன் வந்த மகாதேவ தேசாய் முதலியவர்கள் ஏராளமான பெட்டிகளை ஏற்றியிருப்பது அவர் கண்ணில் பட்டது. அவசரத்தில் அன்பர்கள் கொண்டுவந்து கொடுத்தவற்றை மறுக்க முடியவில்லை என்று அவர்கள் சமாதானம் சொல்லிப் பார்த்தார்கள். அவர் கேட்கவில்லை, உபரிப் பெட்டிகள் ஏடன் துறைமுகத்திலிருந்து பம்பாய்க்குத் திரும்பின.

நான் காந்தியடிகள் அல்லேன். மாமியோடு ஒரே கட்டடத்தில் இருபது வருஷமாகக் குடியிருப்பவன். ஆகவே சமரசம் பேசினேன். ஊறுகாய் எண்ணெய் கசியும், கைப்பையில் விடமாட்டார்கள். மிளகாய்ப்பொடியைக் கண்டால் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கி எறிவார்கள். முறுக்கு நொறுங்கும் என்று ஒவ்வொன்றாகக் கழித்தேன். மாமியின் முகம் வாடிற்று. என் மனைவி உள்ளேயிருந்து வந்து, "அந்த ரவிக்கையை மட்டும் குடுங்க மாமி, அது போகட்டும்" என்று தீர்ப்புச் சொன்னாள். செம்பூர்த் தையற்காரர் தைத்த அந்த இரண்டு ரவிக்கைகளையும், மாமியின் எதிரிலேயே பொட்டலத்தைப் பிரித்து, உதறிப் பார்த்து, மடித்து வைத்தேன். இதில் சந்தேகம் எதுவும் இல்லை. ஆனாலும் பிறர் ஒட்டிக் கொடுத்த பொட்டலத்தைப் பிரிக்காமல் வாங்குவதில்லை என்பதை அந்நிய நாடு போகிறவர்கள் ஒரு விரதமாகக் கொள்ள வேண்டும். போதைப் பொருள் விஷயத்தில் மலேசியச் சட்டம் எவ்வளவு கடுமையானது என்பது உலகறிந்தது.

இன்னொரு ஜாக்கிரதையும் சொல்ல வேண்டும். மலேசியாவுக்குப் போகிறவர்கள், போய்ச் சேரும் நாளுக்கு முந்திய மூன்று நாட்களுக்குள் வருகைப் படிவம் ஒன்றை இணையத்தில் நிரப்ப வேண்டும். அரசாங்கத்தின் பக்கத்தில் அதற்குக் காசு கிடையாது; காசு கேட்கும் பக்கம் எதுவாயினும் அது வேறு யாரோ நடத்துவது.

புறப்பட்ட அன்று மாலை, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கோவண்டியில் ஐந்து ரூபாய் டிக்கட் எடுத்து, கூட்டத்தோடு கூட்டமாகக் குர்லாவில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் சஹார் விமான நிலையத்துக்குப் போனேன். வெளிநாடு போகிறவன் என்று ரயிலில் ஒருவரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. கவுண்டரில் பையை நிறுத்தார்கள்: 6 கிலோ 800. மாமியின் ரவிக்கைகள் இரு நூறு கிராம்.

கோலாலம்பூரில் இறங்கியதும், சுழலும் பட்டையின் ஓரத்தில் பெட்டிக்காகக் காத்து நின்ற சக பிரயாணிகளைத் தாண்டி நேரே வெளியே வந்தேன். விமான நிலையம் நகரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. விரைவு ரயிலுக்கு 55 ரிங்கிட், அதாவது நம் பணத்தில் ஆயிரம் ரூபாய்க்கு மேல். பஸ்ஸுக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ரயில் அரை மணியில் சேர்க்கும், பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். அந்த அரை மணியை மிச்சப்படுத்தி நான் சாதிக்க வேண்டிய காரியம் ஒன்றும் இல்லாததால் பஸ்ஸில் போனேன். சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி, தமிழ்க் கடைகளும் பூக்கடைகளும் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸ் தெருவில் நடந்தே விடுதியை அடைந்தேன். விடுதி மூன்றாம் மாடியில், லிப்ட் இல்லை, ஆகையால் வாடகை குறைவு.

மாலையில் மாமியின் பெண் வந்தாள். ரவிக்கைகளைப் பிரித்துத் தோளில் வைத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். "அம்மா வேறே ஒண்ணும் குடுத்தனுப்பலையா மாமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன், கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. பத்துமலைக்கு எந்த ரயிலில் போவது என்றெல்லாம் விவரமாகச் சொல்லிவிட்டு எழுந்தவள், வாசல் வரை போய்த் திரும்பி, நாற்காலிக்குப் பின்னால் வைத்திருந்த ஒரு பையை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"திரும்பிப் போறச்சே அம்மாட்ட குடுத்துடுங்கோ மாமா. ஒண்ணும் கனமில்லே."

கோடாலித் தைலம் ஒரு டஜன், மைலோ இரண்டு கிலோ.