கணக்கில் விடுபட்ட முக்கால் பங்கு

ஒரு மாணவனுக்குக் கல்வி எந்தெந்த வழியில் வந்து சேர்கிறது என்று பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் பங்கு பிரித்துச் சொல்கிறார். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு ஊன்றிக் கேட்டாலும் கால் பங்குதான் கைக்கு வரும். உடன் படிப்பவர்களோடு பயில்வதில் இன்னொரு கால் பங்கு வரும். கற்றதைப் பிறருக்குச் செம்மையாக எடுத்துரைக்கும்போதுதான் மீதி அரைப் பங்கும் சேர்ந்து புலமை நிறையும். 13ஆம் நூற்றாண்டில் போடப்பட்ட இந்தக் கணக்கு தாமிரபரணிக் கரைக்குப் புதிதல்ல. நன்னூலுக்கு விருத்தியுரை கண்ட சங்கர நமச்சிவாயர் திருநெல்வேலிக்காரர். அந்த உரையைத் திருத்தி விரித்த சிவஞான முனிவர் பாபநாசத்தை ஒட்டிய விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவர். ஆனால் அதே கரையில் இன்று பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும்போது, நம் முழு உழைப்பையும் அந்த முதல் கால் பங்குக்கே கொடுத்துவிடுகிறோம். காலையில் ஸ்பெஷல் கிளாஸ், பகலில் பாடவேளை, மாலையில் ட்யூஷன். மூன்றிலும் ஒருவர் பேசுகிறார், மற்றவர்கள் கேட்டு எழுதுகிறார்கள். பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கணக்குச் சொல்லிக்கொடுப்பதை, நேரம் மிஞ்சினால் செய்யும் ஒத்தாசையாகவே பார்க்கிறோம். அது ஒத்தாசை அல்ல, படிப்பின் பெரும்பகுதியே அதுதான். பள்ளி நேரத்துக்குள்ளேயே அதற்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதற்கான காரணங்களையும், அதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றையும் இங்கே எடை போட்டுப் பார்க்கலாம்.

முதலில் தேர்வையே பார்ப்போம். இப்போதைய வினாத்தாள் 100 மதிப்பெண்ணுக்கு. ஒரு மார்க் கேள்விகள் 14. இரண்டு மார்க்கில் 14 கேள்விகளில் 10, ஐந்து மார்க்கில் 14 கேள்விகளில் 10 எழுத வேண்டும். கடைசியாக எட்டு மார்க்குக்கு ஒரு செய்முறை வடிவியல், எட்டு மார்க்குக்கு ஒரு கிராஃப். தேற 35 வேண்டும். தடுமாறும் பிள்ளையை எப்படியாவது கரையேற்ற நினைக்கும் ஆசிரியர் வேறொரு கணக்குப் போடுகிறார். வடிவியலும் கிராஃபும் 16, ஒரு மார்க் 14, ஆக 30. மூன்று இரண்டு மார்க் கேள்விகள் சேர்ந்தால் பாஸ். இதை இழிவாகப் பேச எனக்கு மனமில்லை. பத்தில் தவறிய பிள்ளை பலநேரம் பள்ளிக்கே திரும்புவதில்லை என்பதை அந்த ஆசிரியர் அறிவார். ஆனால் இந்தப் பயிற்சி பிள்ளைக்குப் பரவளையத்தை வரையக் கற்றுத்தருகிறது. அது எக்ஸ் அச்சை வெட்டும் இடம் எப்படிச் சமன்பாட்டின் தீர்வாகிறது என்று கேட்க நேரம் தருவதில்லை. தேர்வு முடிந்ததும் வரைந்தது மறந்துபோகிறது. 'எனக்குக் கணக்கு வராது' என்ற எண்ணம் மட்டும் நிலைத்துவிடுகிறது.

இந்த இடத்தில்தான் பக்கத்து பெஞ்சுப் பிள்ளை தேவைப்படுகிறான். இருபது வருடமாகக் கணக்குச் சொல்லித்தரும் ஆசிரியருக்குத் தெளிவாகத் தெரிவது, முதன்முதலாகப் பார்ப்பவருக்கு எங்கே தெரியாமல் போகிறது என்று அவர் கண்டுபிடிப்பது கடினம். முக்கோணவியலில் உயரமும் தூரமும் கணக்கை எடுத்துக்கொள்வோம். கோபுரத்தின் உச்சியிலிருந்து இறக்கக்கோணம் 30 டிகிரி என்றால், பல பிள்ளைகள் அந்தக் கோணத்தைக் கோபுரத்தின் சுவரோடு சேர்த்துக் குறித்துவிடுவார்கள். அது கிடைக்கோட்டிலிருந்து அளக்கப்படுவது. ஒன்றுவிட்ட கோணம் என்பதால் தரையில் உள்ள ஏற்றக்கோணத்துக்குச் சமம். ஆசிரியர் கரும்பலகையில் படத்தைச் சரியாகவே போடுகிறார், பிள்ளையும் பார்த்து எழுதிக்கொள்கிறது. தனியாகப் போடும்போது கோணம் மறுபடியும் சுவருக்கே போய்விடுகிறது. போன வாரம் அதே தவறைச் செய்து திருத்திக்கொண்ட தோழிக்கு மட்டும், சிக்கல் சூத்திரத்தில் இல்லை, படத்தில் இருக்கிறது என்று பார்த்த உடனே தெரிகிறது. அதோடு, நாற்பது பேர் நடுவில் எழுந்து 'புரியலை சார்' என்று சொல்லக் கூசும் பையன், பக்கத்தில் இருப்பவனிடம் 'ஏல, இந்த ஸ்டெப் எப்படில வந்துச்சு?' என்று கூசாமல் கேட்டுவிடுவான். கேட்க முடிகிற இடத்தில்தான் சந்தேகம் வெளியே வரும்.

பெற்றோரிடமிருந்து முதலில் வரும் மறுப்பு இது: நன்றாகப் படிக்கும் பிள்ளையின் நேரம் வீணாகாதா? கன்னடியன் கால்வாயில் மேல்மடைக்காரர் கூடுதலாகப் பாய்ச்சினால் கடைமடை வயல் காயும். பங்குத் தண்ணீரோடு வாழ்ந்த மக்கள், கொடுத்தால் குறையும் என்று நினைப்பது இயல்பு. சொல்லிக்கொடுப்பதில் இந்தக் கணக்கு செல்லாது. அடிப்படை விகிதசம தேற்றத்தை ஒரு வரி பிசகாமல் மனப்பாடமாக எழுதும் மாணவியிடம், 'இந்த ரெண்டு முக்கோணமும் ஏன் வடிவொத்தது?' என்று பக்கத்தில் இருப்பவள் கேட்கட்டும். ஒத்த கோணங்கள் சமமாக இருப்பதற்கு இணைகோடுதான் காரணம் என்பதை அதுவரை அவள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருக்கமாட்டாள். விடை தெரியும், காரணம் தெரியாது என்ற ஓட்டையை அவளுக்குக் காட்டிக்கொடுத்தது அந்தக் கேள்விதான். கட்டாய வினாவாகப் புத்தகப் பயிற்சியில் அப்படியே இல்லாத ஒன்று வந்து நிற்கும்போது, கைகொடுப்பது மனப்பாடம் அல்ல, காரணம்தான். பவணந்தியார் எடுத்துரைப்பவருக்கு அரைப் பங்கு வைத்தது சும்மா அல்ல. சொல்லிக்கொடுக்கும் பிள்ளை எதையும் இழப்பதில்லை. ட்யூஷனில் கிடைக்காத ஒன்றைப் பெறுகிறது.

போட்டி என்று சொல்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதைத் தமிழக அரசு 2017இல் நிறுத்திவிட்டது. 35 எடுத்தவர் எல்லாரும் தேறலாம், 100 எடுத்தவர் எல்லாரும் 100தான். பக்கத்தில் இருப்பவன் தேறுவதால் எவருக்கும் ஒரு மார்க்கும் குறையாது. பிளஸ் டூவில் நிலை வேறு என்பது உண்மை. பொறியியல் சேர்க்கைக்கான 200 கட்-ஆஃபில் பாதி கணக்கு மார்க், அங்கே தரவரிசையும் உண்டு. ஆனால் அந்த வரிசையில் நிற்பது மாநிலம் முழுவதும் உள்ள பிள்ளைகள். அத்தனை பேருக்கு நடுவே ஒரு வகுப்புத் தோழன் முந்துவதால் வரும் இழப்பு மிகச் சிறியது. வருடம் முழுவதும் சேர்ந்து கணக்குப் போட ஒரு தோழன் இருப்பதால் வரும் ஆதாயம் அதைவிடப் பெரியது.

கணிதம் தனிமையில் செய்யும் தவம், கூட்டம் கூடினால் அரட்டைதான் மிஞ்சும் என்பது அடுத்த மறுப்பு. இதற்குச் சான்றாகப் பெரும்பாலும் ராமானுஜனைச் சொல்வார்கள். ஆனால் கும்பகோணத்து வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்களிடமிருந்துதான் அவர் சிறுவயதில் தன் வகுப்பைத் தாண்டிய கணிதத்தைக் கற்றார். அவர் வாழ்க்கையைத் திருப்பிய, கார் என்பவர் எழுதிய கணித நூலும் நண்பர் வழியாகவே அவர் கைக்கு வந்தது. கூடிப் படிப்பதன் பலனுக்கு இதைவிடத் தெளிவான சான்று அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து கிடைக்கிறது. 1970களில் அங்கே நுண்கணித வகுப்பில் கறுப்பின மாணவர்கள் ஏன் பின்தங்குகிறார்கள் என்று யூரி ட்ரைஸ்மன் என்ற ஆய்வாளர் ஆராய்ந்தார். அக்கறையின்மை, வறுமை, வீட்டுச் சூழல் என்று பேராசிரியர்கள் ஊகித்திருந்த காரணங்கள் நிற்கவில்லை. அவர்கள் கடுமையாகவே உழைத்தார்கள், ஆனால் தனியாகவே உழைத்தார்கள். அதே வகுப்பில் சிறப்பாகச் செய்த சீன வம்சாவளி மாணவர்கள் முதலில் தனித்தனியே கணக்குகளைப் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு கூடி ஒருவர் விடையை மற்றவர் சோதித்தார்கள். ட்ரைஸ்மன் கூட்டுப் பயிலரங்குகளை ஏற்படுத்தி, அவற்றில் எளிய கணக்குகளுக்குப் பதிலாகக் கடினமானவற்றையே கொடுத்தார். கலந்துகொண்டவர்களின் தேர்ச்சி வெகுவாக உயர்ந்தது. இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. தனியே முயன்ற பிறகே கூட வேண்டும். கையில் நோட்டில்லாமல் வருபவனுக்குக் குழு வெறும் காப்பியடிக்கும் இடம். இரண்டாவது, பின்தங்கியவர்களுக்குச் சுலபமானது மட்டும் போதும் என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது.

பிள்ளைகள் தவறாகச் சொல்லிக்கொடுத்தால்? சொல்லிக்கொடுக்கத்தான் செய்வார்கள். ஆனால் மற்றப் பாடங்களில் இல்லாத ஒரு வசதி கணக்கில் உண்டு: விடை சரியா என்று விடையையே கேட்கலாம். எக்ஸ் மதிப்பு 3 என்று வந்தால் சமன்பாட்டில் போட்டுப் பார்க்கலாம். யார் சொன்னார்கள் என்பது அங்கே செல்லாது. போட்டுப் பார்த்தும் தீராததைத் தீர்க்க ஆசிரியர் அதே அறையில் இருக்க வேண்டும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மாணவரே மாணவருக்குக் கற்பிப்பதை ஒரு முறையாக உலகுக்குக் கொண்டுபோனதில் சென்னைக்குப் பெரும் பங்குண்டு. எழும்பூரில் ராணுவத்தாரின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தன் பள்ளிக்கும் கொண்டுவந்தார். மூத்த பிள்ளைகளைக் கொண்டு இளையோருக்குக் கற்பிக்கவும் செய்தார். 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கை வழியாக 'மெட்ராஸ் முறை' இங்கிலாந்தில் பரவியது. ஆனால் அங்கே அது ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கும் சிக்கன வழியாகச் சுருங்கி, ஒப்பிக்க வைக்கும் இயந்திரமாக மாறி, 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே ஓய்ந்தது. நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையும் பல இடங்களில் அதிகாரக் கை ஆனவன்தான். ஆகவே நான் கேட்பது சட்டாம்பிள்ளையை அல்ல, பக்கத்தில் உட்கார்ந்து 'ஏன்' என்று கேட்கவும் கேட்கப்படவும் சம்மதிக்கும் தோழனை. கணக்கு ஆசிரியர் பணியிடத்தைக் காலியாக விடுவதற்கு இதை ஒரு சாக்காக எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்படியானால் மாலையில் யார் வீட்டிலாவது கூடி குரூப் ஸ்டடி செய்யட்டுமே, பள்ளி எதற்கு? நம் பகுதியின் வாழ்க்கையைப் பார்த்தால் இதற்கு விடை தெரியும். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பகுதிகளில் பல தாய்மார்களின் வருமானம் பீடித் தட்டில் இருக்கிறது. பள்ளி விட்டு வரும் பெண்பிள்ளைக்கு வீட்டில் கைவேலை காத்திருக்கும். பிசான அறுவடையும் பொதுத்தேர்வும் ஏறக்குறைய ஒரே பருவத்தில் வருவதால், வயல்வேலைக் குடும்பங்களுக்கும் பங்குனி வரை ஓய்வில்லை. இருட்டிய பிறகு மகளை இன்னொரு தெருவுக்கு அனுப்பப் பெற்றோர் தயங்குவார்கள். கூடிப் படிப்பதை மாலைக்கும் வீட்டுக்கும் விட்டால், அது ஏற்கெனவே வசதி உள்ளவர்களுக்கு மட்டும் கிடைக்கும். தேவை அதிகம் உள்ள பிள்ளை அங்கே இருக்காது.

இதைவிடக் கனமான காரணம் ஒன்று உண்டு. தானாகச் சேரும் குழு தெருவை ஒட்டிச் சேரும். நம் ஊர்களில் தெரு என்பது சாதி. மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் கயிறு ஏறிய மாவட்டம் நம் திருநெல்வேலி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையடுத்து அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில், கயிறுகளைத் தடை செய்வதோடு மாணவர்களைப் பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைக்கவும் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரையின் அடுத்த படியாகவே கணக்குக் குழுவை நான் பார்க்கிறேன். பக்கத்தில் உட்கார வைத்தால் மட்டும் போதாது, சேர்ந்து செய்ய ஒரு வேலையும் வேண்டும். குழுவை ஆசிரியர் பிரித்தால், 'அவனோட ஏம்ல உக்காந்த?' என்று தெருவில் கேட்பவர்களுக்கு, 'சார் உக்கார வெச்சாங்க' என்று சொல்லித் தப்பிக்கப் பிள்ளைக்கு வழி கிடைக்கும். கட்டாயமாகக் கலந்தால் பலவீனமான பிள்ளை அவமானப்படாதா என்ற கவலை நியாயமானது. சொல்லிக்கொடுப்பவர், கேட்பவர் என்று நிரந்தரமாக முத்திரை குத்தாமல் இருப்பதுதான் அதற்கு வழி. இயற்கணிதத்தில் தடுமாறுபவனுக்கு வடிவியல் வரைவதில் கை சுத்தமாக இருக்கலாம்; தொடுகோடு வரைவதை அவன்தான் மற்றவர்களுக்குக் காட்ட வேண்டும். கணக்குக் குழுவால் சாதி ஒழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பிறப்பு எதையும் தீர்மானிக்காத ஒரு காரியத்தில், ஒருவனுக்கு இன்னொருவன் தேவைப்படும் நிலையை வகுப்பறையால் உண்டாக்க முடியும். அதைச் செய்யாமல் கயிற்றை மட்டும் அறுத்துக்கொண்டிருப்பது போதாது.

இதற்குப் புதுத் திட்டமோ நிதி ஒதுக்கீடோ வேண்டாம். அரையாண்டுத் தேர்வு முடிந்ததிலிருந்து வாரத்தில் மூன்று பாடவேளைகளை இதற்கென ஒதுக்கலாம். நான்கு பேர் கொண்ட குழுக்களை ஆசிரியரே பிரித்து, ஒவ்வொரு திருப்புதல் தேர்வுக்குப் பிறகும் மாற்றி அமைக்கலாம். முதல் பத்து நிமிடம் எல்லாரும் தனியே போட வேண்டும், பிறகு பேச வேண்டும், கடைசியில் குழுவில் யாரைக் கேட்டாலும் காரணம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஆசிரியர் பேசாமல் சுற்றிவந்து கேட்டாலே, எந்தப் பாடத்தைத் திரும்ப நடத்த வேண்டும் என்பது அவருக்கு விடைத்தாள் திருத்துவதைவிடத் தெளிவாகத் தெரியும். பாடப்பகுதியை முடிக்கவே நேரமில்லை என்று தலைமையாசிரியர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் பிள்ளைக்குக் கால் பங்கு மட்டும் போய்ச் சேர்ந்த பாடத்தை முடிந்த பாடம் என்று ஏட்டில் எழுதுவதால் ஆவதொன்றுமில்லை. மீதி முக்கால் பங்கு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நாற்பது பேரிடமும் இருக்கிறது. அவர்களைப் பேச விட வேண்டும்.