ஆசாரியின் ஆம்னி

தெருமுனையில் நிற்கும் ஆசாரித் தம்பியின் ஆம்னி வேனுக்குப் பின்கதவில் புதிதாக ஒரு கொண்டி வந்திருக்கிறது. காலை நடைக்குப் போகும்போதெல்லாம் அதன் முன்னால் நின்றுவிடுகிறேன். கொண்டியைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டுகளும் மொழுமொழுவென்று உருண்டைத் தலை கொண்டவை. திருப்புளி வைக்க வெட்டு கிடையாது, ஸ்பேனர் கவ்வ முனை கிடையாது. நட்டெல்லாம் கதவுக்கு உள்பக்கம். முடுக்கிய பிறகு ஒவ்வொரு நட்டின் ஓரத்திலும் ஒரு பொட்டு வெல்டிங் வைத்திருக்கிறார். பூட்டு தொங்கும் இடத்தைச் சுற்றித் தடித்த தகட்டில் ஒரு மறைப்பு. பூட்டின் வளைகம்பி அதற்குள் போய்விடுவதால் கட்டரின் வாய் அங்கே நுழையாது. சாவி போடும் விரல்கள் மட்டும் கீழிருந்து போய்வரலாம். ஒரு கதவை இவ்வளவு யோசித்து மூடுகிறவர் எதையாவது பறிகொடுத்தவராகத்தான் இருப்பார்.

பறிகொடுத்தார். போன மழைக்காலத்தில் ஓர் இரவு, முன்கதவுக் கண்ணாடியின் ரப்பரை விலக்கி, இரும்பு ஸ்கேலை இறக்கி, உள்ளே பூட்டின் கம்பியைத் தூக்கிவிட்டிருக்கிறார்கள். கண்ணாடி உடையவில்லை, சத்தம் எழவில்லை. ராவுட்டர், பிளேனர், டிரில்லிங் மெஷின்கள், கட்டிங் மெஷின், ஆணியடிக்கும் கன் எல்லாம் போயின. கம்ப்ரஸர் கனம் என்று விட்டுவிட்டார்கள். உளிகள் இருந்த தகரப் பெட்டி போய்விட்டது. வேன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. வண்டியே போயிருந்தால் காப்பீட்டில் ஏதாவது கிடைத்திருக்கும். அதற்கும் இரண்டு சாவிகளையும் கொண்டுவா என்பார்கள். வண்டிக்குள் இருந்த கருவிகளுக்கு வாகனக் காப்பீடு பொருந்தாது.

மாருதி 1984இல் கொண்டுவந்து 2019இல் உற்பத்தியை நிறுத்திய வண்டி ஆம்னி. பின்சீட்டைக் கழற்றிவிட்டால் தட்டையான தரை கிடைக்கும், பக்கக் கதவு நகர்ந்து திறக்கும், ஒடுங்கிய சந்திலும் திரும்பும். எட்டடி பிளைவுட் உள்ளே போகாது என்பது ஒன்றுதான் குறை. அது மேலே கேரியருக்குப் போய்விடும். மதுரையின் சந்துகளில் தச்சர், பிளம்பர், எலக்ட்ரீஷியன் என்று பலருக்கு இதுதான் பட்டறை. ஆனால் குடும்பத்தை ஏற்றிச்செல்லச் செய்த வண்டிக்குப் பட்டறைக்குரிய பூட்டு இல்லை. தேய்ந்த பழைய வண்டிகளில் இன்னொரு வண்டியின் சாவி போட்டாலும் திரும்பிவிடுவதை மெக்கானிக்குகள் பார்த்திருக்கிறார்கள்.

விசாரிக்கப் போனபோது ஆசாரி சொன்னார்: "மெஷினைத் தவணையில எடுத்துக்கலாம்ண்ணே. அந்த உளிய எங்க போய் வாங்குறது?" அவருடைய அப்பா வைத்திருந்த உளிகள் அவை. பல வருடங்கள் சாணை பிடித்ததில் இரும்பு பாதியாகக் குறைந்திருந்தது. கைப்பிடியைப் பலமுறை மாற்றியிருக்கிறார்கள். வாயின் சரிவு அவர் கை பிடிக்கிற கோணத்துக்கு ஏற்பப் படிந்திருந்தது. கடையில் புது உளி வாங்கினால் அதை அந்தப் பதத்துக்குக் கொண்டுவர எத்தனையோ நிலைக்கதவுகள் செய்தாக வேண்டும். எடுத்துப்போனவருக்கோ அது பழைய இரும்பு விலைதான். திருட்டில் என்னை மிகவும் வருத்துவது இந்த ஏற்றத்தாழ்வு. ஒருவர் இழந்ததில் பத்தில் ஒரு பங்குகூட மற்றவருக்குக் கிடைப்பதில்லை.

உளி என்றதும் என் மனம் இதே ஊரில் நடந்த இன்னோர் இரவுக்குப் போய்விடுகிறது. மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் நள்ளிரவு மதுரையைக் காட்டும் இடத்தில் கள்வர்கள் வருகிறார்கள். நீலக் கச்சை, இடுப்பில் சுற்றிய மெல்லிய நூலேணி, கையில் நிலத்தைத் தோண்டும் உளி. அவர்களுடைய பதுங்கலை ஒற்றறிந்தபடி, நூல் கற்றுத் தேர்ந்த ஊர்க்காவலர்கள் மழை கொட்டும் இரவிலும் கண்ணுறங்காமல் சுற்றுகிறார்கள். அதே நீல உடையும் அதே உளியும் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் மறுபடி வருகின்றன. தச்சர் கையில் இருக்கும் அதே பெயருள்ள கருவியைத்தான் கள்வரும் ஏந்தியிருக்கிறார். மரத்தைத் திறக்கவும் சுவரைத் திறக்கவும் ஒரே கூர்.

அந்தக் காதையை நான் திரும்பத் திரும்பப் படிப்பதுண்டு. அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். பழியைச் சுமத்த ஆள் தேடிக்கொண்டிருந்தவனிடம் கோவலன் இன்னொரு சிலம்போடு வந்து சேர்கிறான். அரசன் அனுப்பிய காவலர்கள் கோவலனைப் பார்த்ததும் தயங்குகிறார்கள். இவன் இலட்சணங்களைப் பார்த்தால் கொலைக்குரியவனாகத் தெரியவில்லை என்கிறார்கள். பொற்கொல்லன் சிரித்துக்கொண்டே அவர்களுக்குப் பாடம் எடுக்கத் தொடங்குகிறான். களவுத் தொழிலுக்குத் துணைநிற்பவை எட்டாம்: மந்திரம், தெய்வத்தின் அருள், மயக்கும் மருந்து, சகுனம், தந்திரம், பிறகு இடம், காலம், கருவி. ஒவ்வொன்றாக விரித்துச் சொல்கிறான். சகுனம் சரியில்லை என்றால் கைக்கு எட்டிய செல்வத்தையும் தொடமாட்டார்களாம். தந்திரத்தால் இந்திரன் மார்பின் ஆரத்தையும் எடுப்பார்களாம். இடம் வாய்த்தால் யார் கண்ணிலும் படமாட்டார்கள். காலம் வாய்த்தால் தேவர்களாலும் தடுக்க முடியாது. கேட்டுக்கொண்டிருந்த ஓர் இளங்காவலன் தன் அனுபவத்தைச் சொல்கிறான்: மழை பெய்யும் கரிய இரவில் உளியும் நீல உடையுமாக ஒருவன் வந்தான், நான் வாளை உருவினேன், அதை என் கையிலிருந்தே பறித்துக்கொண்டு மறைந்துபோனான். இந்தப் பேச்சின் சூட்டில், எதையும் அறியாத ஒருவன் வாளை வீசிவிடுகிறான். கோவலன் சாய்கிறான்.

தமிழில் திருட்டைப் பற்றி இந்தப் பொற்கொல்லனைப் போல இவ்வளவு முறையாகப் பேசும் வேறொரு பாத்திரத்தை நான் சந்தித்ததில்லை. அவனுக்கு எப்படி இவ்வளவு தெரிந்தது? அவனே திருடியவன். அந்த எட்டில் முதல் ஐந்தையும் விட்டுவிடலாம்; வேனுக்குப் பூட்டுப் போடுகிறவருக்குக் கடைசி மூன்றும் இன்றைக்கும் போதும். ஆசாரி சிலம்பைப் படித்தவரல்ல. ஆனாலும் திருட்டுக்குப் பிறகு அவர் செய்த ஒவ்வொரு காரியமும் இடத்தையோ காலத்தையோ கருவியையோ எதிராளியிடமிருந்து பிடுங்குவதாகவே இருந்தது.

முதலில் இடம். இப்போதெல்லாம் வேனைப் பின்னோக்கி எடுத்து, பின்கதவு சுவரை ஒட்டி நிற்கும்படி நிறுத்துகிறார். கொண்டி இருந்தும் இப்படித்தான். நகரும் கதவு தெருவிளக்கு இருக்கும் பக்கம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதபடி இருக்கைகளுக்குப் பின்னால் பிளைவுட் தடுப்பு. "இந்த வண்டியில் கருவிகள் இல்லை" என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டலாம் என்று மகன் சொன்னானாம். பொய் எழுதி ஒட்ட வேண்டாம் என்று மறுத்துவிட்டு, முக்கியமான மெஷின்களை இரவில் மாடிக்கே தூக்கிப்போகிறார். நாள் முழுக்க இழைத்த தோளோடு இரண்டு மாடி.

பிறகு காலம். பூட்டு திருடனைத் தடுப்பதில்லை, தாமதப்படுத்துகிறது. 1851இல் லண்டன் பெருங்கண்காட்சிக்குப் போன அமெரிக்கப் பூட்டு வல்லுநர் ஆல்ஃபிரட் ஹாப்ஸ், திறக்கவே முடியாது என்று பெயரெடுத்த சப் பூட்டை 25 நிமிடத்தில் திறந்தார். பல பத்தாண்டுகளாகச் சவால் பலகையோடு கடைச் சன்னலில் இருந்த பிராமா பூட்டு அவரிடம் 51 மணி நேரம் தாக்குப்பிடித்தது. அதுவும் 16 நாட்களில் பிரித்துப் பிரித்து உழைத்த மணிகள். இரண்டும் திறந்துகொண்டன. ஆனாலும் இருளில், நாய் குரைக்கும் தெருவில், நடுங்கும் கையோடு வேலை செய்பவருக்கு 51 மணி நேரம் யார் கொடுப்பார்கள்? எங்கள் மதுரையிலிருந்து சுமார் அறுபது கிலோமீட்டர் தள்ளிக் கையால் செய்யும் திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆசாரி தொங்கவிட்டிருப்பது அதைத்தான். உள்ளே நெம்புதகடுகள் ஒவ்வொன்றும் சரியான உயரத்துக்கு எழுந்தால்தான் நாக்கு நகரும். வேறு சாவி போட்டுத் திருப்பிப் பார்ப்பவரை அது அலைக்கழிக்கும். ஆனால் இன்று வருகிறவர் சாவித்துளையைப் பார்ப்பதே இல்லை.

காரணம் கருவி. பேட்டரியில் ஓடும் கிரைண்டர் வளைகம்பியைச் சில நிமிடங்களில் அறுத்துவிடும். திருடர் அதைக் கையோடு கொண்டுவரத் தேவையில்லை என்பதுதான் கொடுமை. பல வேன்களில் அது முன்சீட்டுக்கு அடியிலேயே கிடக்கிறது. லேசான முன்கதவை நெம்பி, அங்கிருக்கும் கிரைண்டரை எடுத்து, அதைக்கொண்டே பின்னால் இருக்கும் பெட்டியின் பூட்டை அறுக்கலாம். இளங்காவலனின் வாளை அவன் கையிலிருந்தே பறித்த அந்த இரவு எனக்கு இங்கேதான் நினைவுக்கு வரும். வெட்டும் கருவி எதுவும் முன்னால் இருக்கக் கூடாது என்பது ஆசாரி இப்போது போட்டிருக்கும் சட்டம். உதவிக்கு வரும் பையன்கள் கடப்பாரையை அங்கே வைத்தாலும் திட்டு விழுகிறது.

கள்வரின் படிப்பும் நின்றுவிடவில்லை. குஜராத், மகாராஷ்டிரப் பக்கங்களில் மாருதியின் ஈகோ வேன்களின் சைலன்சரை மட்டும் கழற்றிக்கொண்டு போகிறார்கள். புகையைச் சுத்தப்படுத்த அதில் வைத்திருக்கும் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகியவைதான் குறி. காலையில் வண்டியை முடுக்கும்போது எழும் பேரிரைச்சல்தான் உடைமைக்காரருக்குச் செய்தி சொல்லும்.

ஆசாரி செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது பெயர் வெட்டியது. பாத்திரக் கடை வாசலில் எவர்சில்வர் குடத்திலும் தூக்குச்சட்டியிலும் பெயர் வெட்டித் தருவார்களே, அங்கே கொண்டுபோய்ப் புது மெஷின்களின் உலோகப் பகுதியிலும் புது உளிகளிலும் பெயரையும் போன் நம்பரையும் வெட்டிவந்தார். டர்ர்ர் என்று அந்தச் சின்ன மெஷின் ஓட ஓட, எழுத்து புள்ளிபுள்ளியாக எழுந்து வருவதை நானும் நின்று பார்த்தேன். கல்யாண வீட்டில் நூறு பாத்திரங்களுக்கு நடுவே நம் குடத்தை அடையாளம் காட்டும் அந்தப் பழைய ஏற்பாடு, இங்கே இன்னும் பெரிய வேலை செய்கிறது. பிடிபட்ட பொருளைக் காவல்துறை நினைத்தவுடன் எடுத்துக் கொடுத்துவிட முடியாது, நீதிமன்றம் வழியாகத்தான் வாங்க வேண்டும். என்னுடையது என்று காட்ட பில்லோ, சீரியல் நம்பரோ, பெயரோ வேண்டும். போன முறை அவரிடம் எதுவும் இல்லை. இப்போது ஆயுதபூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து வரிசையாக அடுக்கிய கருவிகளை, நம்பர் தெரியும்படி ஒவ்வொன்றாகப் படம் எடுத்துப் போனில் வைத்திருக்கிறார்.

சட்டமும் ஓரடி நகர்ந்திருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 380ஆம் பிரிவு, கட்டடத்திலோ கூடாரத்திலோ கலத்திலோ நடக்கும் திருட்டுக்கு ஏழாண்டு வரை சிறை என்றது. சாதாரணத் திருட்டுக்கு மூன்றாண்டு வரைதான். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 305ஆம் பிரிவு, சரக்கையோ பயணிகளையோ ஏற்றிச்செல்லப் பயன்படும் வாகனத்தையும் அதிலிருந்து எடுக்கும் பொருளையும் அந்த ஏழாண்டுக்குள் கொண்டுவந்துவிட்டது. தொழிலாளியின் வண்டியை வீட்டுக்கு நிகராக வைத்ததாகவே நான் இதைப் படிக்கிறேன், மகிழ்கிறேன்.

ஆனால் தெருவின் கண் சட்டத்தைவிட வேகமாகத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. திருட்டு நடந்த சில நாட்களில், பழைய பேப்பர் எடுக்க வந்த ஒருவரை எங்கள் தெருப் பையன்கள் வளைத்து நிறுத்திவிட்டார்கள். ஒருவன் கை ஓங்கியும்விட்டான். சத்தம் கேட்டு ஓடிவந்த ஆசாரிதான் குறுக்கே நின்றார். "டேய், என் சாமான் மொத்தத்தையும் இந்த சைக்கிள்ல கட்ட முடியுமாடா? விடுங்கடா அவரை." கோவலனைப் பார்த்துத் தயங்கிய அந்தக் காவலர்களின் முதல் எண்ணம் சரியானது. அதைக் கலைத்தது ஒரு கெட்டிக்காரப் பேச்சு. பையன்களிடமும் அன்று யாரோ வாட்ஸ்அப்பில் அப்படியொரு பேச்சைப் பரப்பியிருந்தார்கள். பொருளை இழந்தவரே வந்து தடுத்ததால் அந்த மனிதர் அடிபடாமல் போனார்.

இதையெல்லாம்விட ஆசாரிக்கு வேண்டியது இரவில் வண்டியை நிறுத்த ஓர் இடம். பக்கத்து அடுக்ககத்தில் கேட்டும் வாட்ச்மேனும் கேமராவும் இருக்கின்றன. இரண்டு கார் நிறுத்தும் இடம் காலியாகவும் கிடக்கிறது. தொழில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை என்று வாசலில் பலகை. அந்த வீடுகளில் பலவற்றின் சமையலறை அலமாரிகளும் பூஜை அறைக் கதவுகளும் இந்த வேனில் வந்து இறங்கியவைதான். மாத வாடகை தரவும் அவர் தயார். வரும் ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய சங்கக் கூட்டம். செயலாளர் எனக்குப் பழக்கம் என்பதால் பேச ஐந்து நிமிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். ஆசாரியையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.