நண்டு போடாத கூழ்

புத்தளத்தில் இருந்துகொண்டு மீன் சாப்பிட வல்வெட்டித்துறைக்குப் போகிறோம் என்று சொன்னால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். என் மச்சியும் சிரித்தாள். களப்பு இறால் எங்கள் வாசலுக்கே வருகிறது. கற்பிட்டி மீன் விடியும்போதே சந்தையில் கிடக்கும். அதை விட்டுவிட்டு 250 கிலோமீற்றருக்கு மேல் வேனில் குலுங்கிப் போய் மீன் சாப்பிடுவதா? சென்ற ஓகஸ்ட் விடுமுறையில் நாங்கள் அதைத்தான் செய்தோம். வாப்பா, உம்மா, தம்பி, நான், உம்மம்மா என்று ஐந்து பேர்.

உண்மையைச் சொன்னால், போனது மீனுக்காக மட்டுமல்ல. ஒரு கொப்பிக்காக.

அது அட்டை உரிந்த ஒரு சீ.ஆர். கொப்பி. என் அப்பாவின் கையெழுத்து. (எங்கள் வீட்டில் பாட்டனாரைத்தான் அப்பா என்போம்.) அவர் யாழ்ப்பாணம் சோனகத்தெருக்காரர். சைக்கிள் கரியரில் பிடவை மூட்டையைக் கட்டிக்கொண்டு, வல்லை வெளியின் எதிர்காற்றில் மிதித்து, வடமராட்சிப் பக்கம் வியாபாரத்துக்குப் போவாராம். வல்வெட்டித்துறையில் அவருக்கு வாடிக்கை வீடுகள் நிறைய. வீட்டுக்காரர் பெயர் அவருக்குத் தெரியாது, அடையாளம்தான் தெரியும். அதனால் கொப்பியில் இப்படி இருக்கும்: "ஊறணி, இரட்டைக் கிணத்து வீடு, சாரம் 2, மிச்சம் 60." "தீருவில், கறுத்த கேற், பாவாடைத்துணி 3 யார், மிச்சம் 27.50."

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகர முஸ்லிம்கள் இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. அந்த மாதத்தில் வட மாகாணம் முழுவதிலும் இருந்து எழுபதாயிரம் முஸ்லிம்கள் வரை அகதிகளானார்கள். எங்கள் குடும்பம் புத்தளத்தில் ஒரு கிடுகுக் கொட்டிலில் வந்து சேர்ந்தது. வழியில் சோதனையில் உம்மம்மாவின் காதுத் தோடு போனது, அப்பாவின் மடியிலிருந்த காசு போனது. கொப்பியைப் புரட்டிப் பார்த்தவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். "நமக்கு வர வேண்டிய காசுக் கணக்க மட்டும் விட்டாங்க" என்று உம்மம்மா இதைச் சொல்லிச் சிரிப்பார். சின்ன வயதில் நானும் கூடச் சிரித்திருக்கிறேன்.

நான் பிறக்க முன்பே அப்பா மௌத்தாகிவிட்டார். கடைசி நாட்களில் அவர் உம்மம்மாவிடம் ஒன்று சொன்னாராம்: அந்தக் கணக்கு எல்லாவற்றையும் நான் பொறுத்துவிட்டேன், முடிந்தால் அவர்களிடம் போய்ச் சொல்லிவிடு. கடனோடு ஒருவர் இறந்தால் அது அவரை விடாது என்பது நமது நம்பிக்கை. அந்தச் சுமை தன்னால் யாருக்கும் வேண்டாம் என்று அவர் நினைத்திருக்கிறார். பாதை திறந்த பிறகும் உம்மம்மா பல தடவை யாழ்ப்பாணம் வந்து போனார். சோனகத்தெருவில் திரும்பி வந்து குடியேறிய உறவினர் வீட்டில் தங்குவார், அத்தோடு திரும்பிவிடுவார். வல்வெட்டித்துறைப் பக்கம் போனதேயில்லை. இம்முறைதான் தானாகக் கேட்டார்.

ஆனையிறவு தாண்டியதும் உம்மம்மாவின் பேச்சு மாறிவிட்டது. "போறம்", "வாறம்" என்று ஆரம்பித்தார். தம்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

வாப்பா வரலாற்று ஆசிரியர். வல்லை வெளியில் வேன் போகும்போது பாடம் தொடங்கிவிட்டது. வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கினாராம். இந்த ஊர் மாலுமிகளே அதை ஓட்டிக்கொண்டு போய் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்களாம். இந்த ஊர் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையை 51 மணித்தியாலத்தில் நீந்திப் போய்த் திரும்பி வந்தாராம். உம்மம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அமெரிக்காவுக்குப் போனாலும் போகட்டும், எங்கட கொப்பியிலயும் இருப்பினம்" என்றார்.

கடை கரையோர வீதியில் இருந்தது. பெரிய ஹோட்டல் இல்லை. ஒரு வீட்டின் முன்பக்கத்தை இறக்கித் தகரம் போட்டு, ஆறு மேசை வைத்திருந்தார்கள். வீதிக்கு அந்தப் பக்கம் கடல். சோளகக் காலம் என்பதால் கடல் குளம் போல அசையாமல் கிடந்தது. உள்ளேயிருந்து கணவாய்ப் பிரட்டல் மணம் வந்தது. வறுத்த சரக்குத்தூளும் கறிவேப்பிலையும் சேர்ந்த அந்த மணத்தில் எனக்கு வாய் ஊறியது. ஆனால் நான்தான் முதலில் குழப்பினேன்.

முதல் நாள் வேறோர் இடத்தில், சாப்பிட்டு முடித்த பிறகுதான் கோழி யார் அறுத்தது என்று தெரியாது என்றார்கள். அந்த எரிச்சல் எனக்குள் இருந்தது. மீனுக்கு அறுப்பு இல்லை, அதனால் கடலுணவு என்றால் நமக்குப் பயமில்லை என்று நினைக்கிறோம். ஆனால் மீன் பொரிக்கும் எண்ணெயில் கோழியும் பொரித்திருந்தால்? கடைக்கார அக்கா சிரித்த முகத்தோடு "வாங்கோ, இருங்கோ, என்ன சாப்பிடப்போறியள்?" என்று கேட்டதுதான் தாமதம், நான் வழக்கறிஞர் மாதிரி ஆரம்பித்துவிட்டேன். சட்டி வேறா? எண்ணெய் வேறா? கரண்டி? பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உம்மா என் காலை மிதித்தார்.

அக்காவின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "வாங்கோ பிள்ளை, வந்து பாருங்கோ" என்று என்னைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மீனுக்கு மண்சட்டிகள் ஒரு பக்கம். கோழிக்கு அலுமினியச் சட்டி, அது வெளி அடுப்பில். "வெள்ளிக்கிழமையில மரக்கறிதான் எண்டு வாற ஆக்களும் இருக்கினம். சட்டி மாறினால் என்ர மாமி என்னை வெட்டிப் போடுவா" என்றார். நான் ஒன்றும் சொல்லத் தெரியாமல் வெளியே வந்தேன். உம்மம்மா மெதுவாகச் சொன்னார்: "கேக்கத்தான் வேணும் மகள். ஆனா நீ கேட்டது பொலிஸ் கேட்டது மாதிரி."

உம்மம்மாவுக்கு ஒடியல் கூழ் வேண்டும் என்றார். புத்தளத்தில் அவர் செய்து நான் குடித்திருக்கிறேன். ஒடியல் மா நமது பக்கம் கிடைப்பது குறைவு, அதனால் எப்போதாவதுதான். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மா அது. ஊறவைத்து, கசப்புத் தண்ணீரை வடித்து வடித்து எடுக்க வேண்டும். மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை, பயத்தங்காய், முருங்கையிலை எல்லாம் கொதிக்கும்போது மீன் தலை, இறால், கணவாய் போட்டு, அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் விட்டு, கடைசியில் மாவைக் கரைத்து ஊற்றுவார்கள். பிறகு நண்டு. யாழ்ப்பாணத்தவரைக் கேட்டால் நண்டில்லாத கூழ் கூழே இல்லை என்பார்கள். நண்டு பற்றி நமது மத்ஹபில் உலமாக்களிடையே பேச்சு உண்டு. எங்கள் வீட்டில் சாப்பிடுவதில்லை.

கடையில் வைத்திருந்த கூழில் நண்டு போட்டாகிவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை, போதும் என்றிருந்தேன். உம்மம்மாதான் கேட்டார். "நண்டு போடாமல் சின்னச் சட்டியில கொஞ்சம் வைக்க ஏலுமோ மகள்? கரைச்சல் எண்டால் வேண்டாம்." அக்கா உம்மம்மாவை ஒரு தரம் உற்றுப் பார்த்தார். "நீங்கள் யாழ்ப்பாணமோ அம்மா?"

"சோனகத்தெரு."

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. "முக்கால் மணித்தியாலம் செல்லும், பரவாயில்லையோ?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனார்.

அந்த முக்கால் மணித்தியாலத்தில் தம்பி ஒரு தட்டு இறாலை முடித்தான். வாப்பா பாரை மீன் குழம்பில் இடியப்பத்தை ஊறவைத்து ஊறவைத்துச் சாப்பிட்டார். உம்மம்மா கைப்பையிலிருந்து கொப்பியை எடுத்து மேசையில் வைத்தார். கூழ் கொண்டுவந்த அக்கா அதைக் கண்டு என்னவென்று கேட்க, உம்மம்மா சொன்னார். அக்கா பக்கங்களைப் புரட்டினார். "நான் இந்த ஊர் இல்லை அம்மா. வலிகாமம். 95இல எல்லாரும் வெளிக்கிட்டு வரேக்க வந்து, பிறகு இங்கேயே கலியாணம் முடிச்சனான். பொறுங்கோ, மாமியைக் கூப்பிடுறன்." வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுகளை விட்டு வெளியேறியது 1995 ஒக்டோபர் 30. அதே திகதி, ஐந்து வருடம் கழித்து. வாப்பா அதை என்னிடம் திரும்பி வரும் வழியில்தான் சொன்னார்.

மாமிக்கு எண்பது வயதுக்கு மேல் இருக்கும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கொப்பியை மடியில் வைத்துப் பார்த்தார். "பிடவைக்காரர் ரெண்டு மூண்டு பேர் வாறவை. ஆள் நெட்டையோ?"

"இல்ல அக்கா, கட்டை. கொஞ்சம் கறுப்பு."

"அப்ப எனக்கு ஞாபகமில்லை."

உம்மம்மாவின் முகம் சிறுத்துப் போனது. மாமி தொடர்ந்து பக்கங்களைப் புரட்டினார். பிறகு ஒரு விஷயத்தைச் சொன்னார். எத்தனையோ தடவை நான் பார்த்த கொப்பியில் நானே கவனிக்காத விஷயம் அது. முதல் பக்கங்களில் ஒரு மாதத்துக்கு மூன்று, நான்கு கடன்தான். 1989 செப்டெம்பர், ஒக்டோபரில் பக்கம் பக்கமாகக் கடன். "பாத்தீங்களோ" என்றார் மாமி. "அந்த வருசம் ஓகஸ்டில இந்தியன் ஆமி இஞ்ச சனத்தைச் சுட்டு, வீடு வாசல் கடையெல்லாம் எரிச்சது. மாத்திக் கட்டத் துணியில்லை. பிடவைக்காரர்தான் காசு பிறகு தாங்கோ எண்டு தந்திட்டுப் போனவை." சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். "உங்களை அனுப்பினது எங்களுக்கு அடுத்த நாள்தான் தெரியும்." மறுபடியும் நிறுத்தினார். "தெரிஞ்சும் நாங்கள் என்ன செய்தனாங்கள்."

யாரும் பேசவில்லை. தம்பி கூட இறால் தோலை மேசையில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

உம்மம்மா தான் வந்த விஷயத்தைச் சொன்னார். அவர் எல்லாத்தையும் பொறுத்திட்டார், தெரிஞ்ச ஆக்கள் இருந்தால் சொல்லிவிடுங்கோ என்றார். மாமி சந்தோஷப்படுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. விரலை ஒரு வரியில் வைத்தார். "நெடியகாடு, பிள்ளையார் கோயிலடி, பெரிய அக்கா, சீத்தை 5 யார், மிச்சம் 42.50." அது தன் தமக்கையின் வீடு, தமக்கை இப்போது இல்லை என்றார். "பொறுக்கிறதோ? நாங்கள் கடன் வைச்சிட்டுப் போற ஆக்கள் இல்லை. இப்பவே தாறன்." உள்ளே பார்த்து மருமகளிடம் காசு கேட்டார். உம்மம்மா வேண்டாம் வேண்டாம் என்றார். இருவரும் வாக்குவாதப்பட்டார்கள். ஒருவர் கொடுக்கிறேன் என்கிறார், மற்றவர் வாங்க மாட்டேன் என்கிறார். சண்டை போடும் இரண்டு பேரும் ஒரே மாதிரி கழுத்தைச் சரித்துக்கொண்டு பேசினார்கள்.

கடைசியில் அக்காதான் தீர்த்தார். "மாமி, அந்தக் கூழுக்கு நான் பில் போடேல்லை. கணக்குச் சரி." நாற்பத்திரண்டு ரூபாய் ஐம்பது சதத்துக்கு இன்றைக்குப் பெரிதாக ஒன்றும் வாங்க முடியாது. ஆனாலும் மாமி ஒத்துக்கொண்டார். உம்மம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு என்னிடம் பேனை கேட்டார். அந்த ஒரு வரியை மட்டும் கோடு போட்டு வெட்டினார். பிறகு ஆறிப்போன கூழை இரண்டு கையாலும் தூக்கி பிஸ்மில்லாஹ் சொல்லிக் குடித்தார்.

மாமிக்கு வேறு மூன்று வீடுகள் தெரிந்தன. ஒன்று இலண்டனில், ஒன்று கனடாவில் பிள்ளைகளோடு. மற்ற வீடு இருந்த இடத்தில் ஒரு சுவர்தான் இருக்கிறதாம். சொல்ல முடிந்தவர்களுக்குச் சொல்லுகிறேன் என்றார். மிச்சக் காசுக்கு நாங்கள் இறாலுக்கும் மீனுக்கும் கணிசமாகவே பில் கட்டினோம். போகும்போது அக்கா ஒரு பையில் ஒடியல் மா கட்டிக் கொடுத்தார். அதற்கு உம்மம்மா காசு கொடுத்தார், அக்கா வாங்கிக்கொண்டார். நான் அக்காவிடம் குசினி விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்க நினைத்தேன். வாய் வரவில்லை. "கணவாய் நல்லா இருந்தது" என்றேன். "அடுத்த முறையும் வந்து சட்டியைப் பாருங்கோ" என்று அவர் சிரித்தார்.

வேன் தொண்டைமானாறு தாண்டும்வரை உம்மம்மா கொப்பியைத் திறக்கவேயில்லை. வாப்பா மெதுவாகக் கேட்டார், "எப்படி மாமி, அடுத்த விடுமுறைக்கும் வருவமா?"

"வரத்தான் வேணும்" என்றார் உம்மம்மா. "இன்னும் அம்பத்தாறு வீடு இருக்கு. கூழுக்கு உப்புக் கொஞ்சம் கூட, அதையும் சொல்லாம வந்திட்டன்."