துரை வண்டி

பழைய லாண்ட் றோவரை விற்றுவிட்டுச் சிறிய கார் ஒன்றை நான் வாங்கியபோது, உடன் கற்பிக்கும் ஆசிரியர்கள் மகிழ்ந்தார்கள். "இப்போதுதான் சேருக்கு உலக நடப்புப் பிடிபட்டிருக்கிறது" என்றார் ஒருவர். வரவு செலவுக் கணக்கின்படி அவர் கூற்றுச் சரியே. அந்தக் கணக்கில் ஏறாத சில விடயங்களும் உள. அவற்றையே இங்கு எழுதுகிறேன்.

லாண்ட் றோவர் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது 1948 ஏப்ரிலில், அம்ஸ்ரர்டாம் கண்காட்சியிலே. போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் உருக்குக்குப் பங்கீடு இருந்தமையால், அதன் உடலை அலுமினியக் கலவைத் தகட்டினாற் செய்தார்கள். உழவனுக்கென்று திட்டமிடப்பட்ட வண்டி அது. ஆனால் எங்கள் மலைகளுக்கு அது துரையின் வாகனமாகவே வந்து சேர்ந்தது. அதே 1948இன் நவம்பரில் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அம்மலைகளில் மூன்று தலைமுறை உழைத்தவர்கள் ஒரே நாளில் நாடற்றவர்களானார்கள். இரண்டு சம்பவங்களுக்கும் எவ்விதத் தொடர்புமில்லை என்பதை நான் அறிவேன். என் தகப்பனாரோ இரண்டையும் ஒரே மூச்சிற் சொல்லுவார்: "நமக்கு நாடு இல்லாமற் போன காலத்திலேதான் தம்பி, துரைக்கு ஜீப்பு வந்தது." லயத்து மக்களுக்கு அவ்வகை வண்டிகளெல்லாம் ஜீப்புத்தான்.

ஜீப்பின் இரைச்சல் கேட்டால் தொழிலாளர் பாதையை விட்டுக் கானுக்குள் இறங்கி நிற்பார்கள்; தலைத்துண்டு கைக்கு வந்துவிடும். சிறுவயதில் அப்படி நின்றவர் என் தகப்பனார். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. இவ்விரு மாற்றங்களுக்குமிடையில் அந்த வண்டி தொழிற்சாலையின் பின்புறத்தில் துருவேறிக் கிடந்தது. 1998இல் பழைய சாமான்களோடு அதையும் ஏலத்தில் விட்டபோது, புதிதாக நியமனம் பெற்றிருந்த நான் கடன்பட்டு வாங்கினேன். முதல்நாள் தகப்பனார் முன் ஆசனத்தில் ஏறமாட்டேன் என்றார். பின்னாலுள்ள பலகையிற்றான் அமர்ந்தார். முன்னால் வந்து அமர அவருக்கு ஒரு மாதம் சென்றது.

அந்த இயந்திரத்தின் மீது எனக்கிருந்த பற்றை மறைப்பானேன்? எண்பத்தெட்டு அங்குல அச்சிடைத்தூரம். 2,286 கன சென்ரிமீற்றர் பெற்றோல் எஞ்சின். பற்றரி இறந்துபோனால் முன்னாற் கம்பியைச் செருகிச் சுழற்றிக் கிளப்பலாம். மஞ்சட் குமிழை அழுத்தினால் முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். சிவப்புக் குமிழுள்ள தடியைப் பின்னுக்கு இழுத்துவிட்டால், மனிதன் நடக்கும் வேகத்திலே, வழுக்கும் செம்மண்ணிலும் அது ஏறும். வில்லுத்தகடு முறிந்தால் அட்டனிலே கொல்லன் ஒருவரே அடித்துத் தருவார். மனிதக் கைக்கு அடங்கிய பொறி அது.

மேற்பிரிவு லயங்களிலிருந்து வைத்தியசாலை பதினொரு கிலோமீற்றர். அதில் நான்கு கிலோமீற்றர் வெறும் கல்லும் பள்ளமும். நோயாளியை இறக்குவதற்குக் கொழுந்து லொறி வரும்வரை காத்திருப்பதே அங்கு வழக்கம்; கொழுந்து லொறியோ இரவில் வராது. ஆகையால் இருபத்தைந்து ஆண்டுகளாக இரவுகளில் என் கதவைத் தட்டினார்கள். பிரசவ வேதனை, பாம்புக்கடி, குளவிக்கொட்டு, கிழவர்களின் மூச்சிழுப்பு. அந்த வண்டியின் பின்புறத்திலேயே பிறந்த பெண் ஒருத்தி என்னிடமே உயர்தரம் கற்றாள்.

2022ஆம் ஆண்டு வந்தது. சனவரியில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல் சூன் மாத இறுதியில் 470 ரூபாவாயிற்று. பிறகு கியூஆர் அட்டை முறை வந்தது. தொடக்கத்தில் காருக்கு வாரம் இருபது லீற்றர். என் வண்டி லீற்றருக்கு ஆறு கிலோமீற்றர் ஓடும். ஆக, வாரத்துக்கு 120. வீட்டிலிருந்து பாடசாலைக்குப் போய்வர நாளொன்றுக்கு இருபத்தெட்டுக் கிலோமீற்றர்; ஐந்து நாளைக்கு 140. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் இந்தக் கணக்கின் விடையைச் சொல்லும். அப்பொழுதும் ஓராண்டு இழுத்துப் பார்த்தேன். 2020 மார்ச்சு முதல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தமையால் பழைய கார்களுக்கும் வீட்டின் விலை சொன்னார்கள். எனினும் 2023இல், 796 கன சென்ரிமீற்றர் எஞ்சினுள்ள பழைய சுசுகி அல்ட்டோ ஒன்றை வாங்கினேன்.

லாண்ட் றோவரை வாங்கியவர், பக்கத்துத் தோட்டத்தின் துரை பங்களாவைச் சுற்றுலா விடுதியாக்கியிருக்கும் ஒரு கனவான். வெள்ளைக்கார விருந்தினரை ஏற்றித் தேயிலை மலைகளைச் சுற்றிக் காட்டுவதற்கு அதுவே பொருத்தமாம். பழைய பச்சை வர்ணத்தை மீண்டும் பூசப்போவதாகச் சொன்னார். துரை வண்டியருகில் நிற்கும் புகைப்படம் ஏதேனும் கிடைக்குமா என்றும் கேட்டார். கானுக்குள் நின்றவர்களின் படத்தை எவரும் எடுத்து வைக்கவில்லை என்றேன். அவர் சிரித்தார்; விளங்கிற்றோ என்னவோ!

புதிய காரைக் குறைகூற மாட்டேன். மழை உள்ளே வராது, முழங்கால் நோகாது, லீற்றருக்குப் பதினெட்டுக் கிலோமீற்றர் ஓடுகிறது. மிஞ்சும் பணம் மகளின் பல்கலைக்கழகச் செலவுக்கு உதவுகிறது. ஆசிரியரின் சம்பளத்தில் வாழ்பவன் இவற்றை அற்பமென்று சொல்ல முடியாது. ஆனால் நிலத்துக்கு மிக அண்மையில் அமைந்த அதன் அடித்தட்டு அந்த நான்கு கிலோமீற்றருக்கு முன்னால் நின்றுவிடுகிறது. இப்பொழுது தொலைபேசி வந்தால், தார்வீதி முடியும் இடத்துக்குப் போய் விளக்கைப் போட்டுக்கொண்டு காத்திருக்கிறேன். நாற்காலியில் வைத்துக் கட்டி, நாலுபேர் தோளிலே நோயாளியைச் சுமந்து இறங்குகிறார்கள். சென்ற மாரியில் ஒரு தடவை அதற்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது.

அன்பர்களே, ஒரு வண்டி கைமாறியதும் ஒரு பிரிவு மக்களின் வைத்திய வசதி அற்றுப்போகிறதென்றால், பழுது வண்டியிலா இருக்கிறது? தோட்டங்களுக்குள் பிரதேச சபைகள் பணம் செலவிட 1987ஆம் ஆண்டுச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. வரியும் வாக்கும் வேண்டும், பாதை மட்டும் வேண்டாம் என்ற நியாயம்! 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. திருத்தம் தாளிலிருந்து மலைக்கு ஏறவில்லை. ஒரு வாத்தியாரின் பழைய வண்டி ஓடிக்கொண்டிருந்தவரை, கம்பனிக்கும் சபைக்கும் அந்தப் பாதையைப் பற்றி நினைக்க வேண்டிய அவசியமே நேரவில்லை. தனிமனிதனின் இரக்கம் சமுதாயத்தின் கடமையை ஒத்திப்போட உதவுவதுமுண்டு.

இம்முறை மனு எழுதியவர்கள் மேற்பிரிவு இளைஞர்கள். எழுத்துப்பிழை திருத்தியது மட்டுமே என் பங்கு. நான்கு கிலோமீற்றரையும் கயிறு போட்டு அளந்து, எங்கே மதகு வேண்டும், எந்த வளைவில் அணை கட்டவேண்டும் என்று படமும் வரைந்திருக்கிறார்கள். முதற் கையொப்பம், அந்த வண்டியிற் பிறந்தவளுடையது. பிரதேச சபைக்கு ஒன்று, கம்பனிக்கு ஒன்று. அடுத்த சபைக்கூட்டத்துக்கு நாற்பது பேராவது நேரிற் போவதென்று பிரட்டுக்களத்திலே தீர்மானித்திருக்கிறார்கள். பஸ்ஸிலேதான்.