குளிர் பக்கமும் வெயில் பக்கமும்

கண்டியில் புறப்படும்போது கலஹா பஸ்ஸின் ஜன்னல்கள் எல்லாம் திறந்தே இருக்கும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் ஊடாகப் போய், ஹிந்தகலையைக் கடந்து, ஏற்றமும் வளைவும் ஆரம்பித்ததும் ஒவ்வொன்றாகச் சாத்துவார்கள். கைப்பிள்ளைக்காரிகள் முதலில். அடுத்து, காதைச் சுற்றித் துண்டு கட்டிய பெரியவர்கள். கொழும்பு புறக்கோட்டையில் கடை வேலை பார்த்துவிட்டுத் தீபாவளிக்கு வருகிற பையன்கள் மட்டும் கடைசி வரை சாத்த மாட்டார்கள். கடைக்கு மேல்மாடியில், சரக்கு மூட்டைகளுக்கு நடுவே, ஒரே மின்விசிறியின் கீழ் ஏழெட்டுப் பேராகப் படுத்தெழும்பிய உடம்பு அவர்களுடையது. கடற்கரை ஊரின் வெக்கையில் வியர்வை வரும், ஆனால் காயாது. காற்றே ஈரமாக இருந்தால் வியர்வை ஆவியாக இடமில்லை. உடம்பின் சூடு உடம்பிலேயே நின்றுவிடும். அப்படி மாதக்கணக்கில் இருந்தவர்கள் மலைக்காற்றை முகத்தில் வாங்குவதைப் பார்க்கும்போது, குளிரை ஏன் ஒரு சொத்தாகப் பேசுகிறோம் என்பது புரியும்.

உலகத்தில் நமக்குத் தெரிந்த நாடுகளில் பெரும்பாலும் வடக்கே போனால் குளிர். இலங்கையில் அப்படியில்லை. வடக்கே போனால் வெயில். மேலே ஏறினால்தான் குளிர். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறு ஏழு பாகை வெப்பம் இறங்கிவிடும். தேயிலைக்காரர்கள் நாட்டையே இந்தக் கணக்கில் பிரித்து வைத்திருக்கிறார்கள். 600 மீற்றருக்குக் கீழே தாழ்நிலத் தேயிலை, 1,200க்கு மேலே உயர்நிலத் தேயிலை, நடுவிலே நாங்கள். நுவரெலியாவைப் போலத் தை மாதத்தில் உறைபனி விழுந்து கொழுந்து கருகிப்போகிற ஊரில்லை கலஹா. கிளிநொச்சியைப் போல ஆடியில் மண் வெடிக்கிற ஊரும் இல்லை. ஒரு மனிதனிடம் எங்கே இருக்கப் பிரியம் என்று கேட்டால், பல பேர் இந்த நடுவைத்தான் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் எங்கள் குடும்பங்களில் இந்தக் கேள்வி ஒருபோதும் பிரியத்தைப் பற்றிய கேள்வியாக வந்ததில்லை.

முதன்முதலில் குளிரைத் தேடி இங்கே வந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். கலஹாவிலிருந்து தெல்தோட்டைப் பக்கமாக மேலே போனால் லூல்கந்துர தோட்டம். ஸ்கொட்லாந்திலிருந்து 1852இல் பதின்ம வயதுப் பையனாக வந்த ஜேம்ஸ் டெய்லர், 1867இல் 19 ஏக்கரில் தேயிலை வைத்தது அங்கேதான். அவர் குடியிருந்த மரவீடு எப்போதோ போய்விட்டது. கல்லால் கட்டிய கணப்படுப்பின் புகைபோக்கி மட்டும் மிஞ்சியிருக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் அதைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு லயத்துக் காம்பராதான் நினைவுக்கு வரும். பன்னிரண்டடிக்குப் பத்தடி அறை, முன்னால் ஒரு இஸ்தோப்பு, மேலே தகரம். அங்கே புகைபோக்கி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அடுப்புப் புகை தகரத்தில் முட்டி, சுவரைக் கரியாக்கி, நெஞ்சுக்குள் இறங்கியது. இரவில் அதே தகரம் குளிர்ந்து, உள்ளே இருப்பவர்களின் மூச்சே துளித்துளியாகப் பாயில் சொட்டும். பகலில் வெயில் ஏறினால் அதே தகரத்தின் கீழ் உட்கார முடியாது. நடுமலையின் இதமான சீதோஷ்ணம் என்று புத்தகத்தில் எழுதியிருப்பதை, தகரத்துக்குக் கீழே வாழ்கிறவர்கள் இரண்டு பக்கத்துக் கொடுமையாகவும் அனுபவித்தார்கள்.

அந்த லயங்களுக்கு வந்தவர்கள் குளிர் அறியாதவர்கள். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், இராமநாதபுரம் என்று மழைக்கு ஏங்கிக் கிடந்த ஊர்க்காரர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடு வழியாக மாத்தளைக்கு நடந்து, அதன் பிறகு மலை ஏறியவர்கள். வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களுக்குக் கணக்கே இல்லை. மலையகத்துக்கு 200 வருடம் என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே பாதையில் ஒரு நடைபயணம் போனார்கள். அந்தப் பாதையைப் பற்றிப் பேசும்போது காட்டையும் பசியையும் சொல்கிறோம். பாதை முடிந்த இடத்தில் காத்திருந்த குளிரையும் சொல்ல வேண்டும். அது ஒரு புது எதிரி. அதற்கு மாற்றாகத் தோட்டம் கொடுத்தது ஒரு கம்பளி. சும்மா இல்லை, பற்றில் எழுதிக் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். மழையில் கொழுந்தெடுக்கும்போது அதுவே கொங்காணி, இரவில் அதுவே போர்வை, பிள்ளை பிறந்தால் அதுவே தொட்டில். ஈரக் கம்பளியின் வாசனை எங்கள் பாட்டிமார் எல்லோர் மீதும் இருந்தது.

என் அத்தை ஒருவர் 1977க்குப் பிறகு கிளிநொச்சிப் பக்கம் போனவர். அந்த வருட ஆவணியில் நடந்த கலவரத்தில் லயம் எரிந்தது ஒரு காரணம். அதற்கு முன்பே மனது விட்டுப்போயிருந்தது. 1973, 74ஆம் வருடங்களின் பஞ்சத்தைத் தோட்டத்துக்காரர்கள் யாரும் மறக்கவில்லை. மாவும் அரிசியும் குறைந்து, வேலை நாளும் குறைந்து, கண்டி நகரத் தெருவில் கை நீட்டப் போன குடும்பங்கள் எத்தனையோ. அத்தை அதை எப்போதும் ஒரே மாதிரித்தான் சொல்வார். “வெயில்ல பட்டினி கெடந்தா சுருண்டு படுத்துக்கலாம்ப்பா. குளிர்ல பட்டினி கெடந்தா தூக்கமும் வராது. வயிறு நிக்காம கேக்கும்.”

நான் குளிரைப் பற்றி வாசித்த எதுவும் இந்த அளவுக்கு உண்மையாக இருந்ததில்லை. குளிரில் உடம்பு தன்னைச் சூடாக வைத்துக்கொள்ளவே சாப்பாட்டை எரிக்க வேண்டும். நடுக்கம் என்பதே தசைகள் சூட்டுக்காகச் செய்யும் வேலை. ஆகவே குளிர் ஊரில் வாழ்வதற்குச் சாப்பாடு கூடுதலாக வேண்டும், விறகு வேண்டும், குளிக்க வெந்நீர் வேண்டும், மாற்று உடுப்பு வேண்டும், காற்றுப் புகாத சுவர் வேண்டும். வெயில் ஊரில் ஒரு மரநிழலும் ஒரு கிணறும் இருந்தால் ஏழை ஒரு நாளைக் கடத்திவிடலாம். குளிர் எனக்குப் பிடிக்கும் என்று நான் சொல்லும்போது, என் வயிறு நிரம்பியிருக்கிறது, என் வீட்டுக்குக் கதவு இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். டொரன்டோவில் இருக்கிற என் மைத்துனர் தொலைபேசியில், “குளிர்ங்கிறது வாசலோட சரி, வீட்டுக்குள்ள சட்டை கூட வேணாம்” என்கிறார். பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகை இருக்கிற ஊரில் இருந்துகொண்டு, பூச்சியத்தைத் தொட்டே பார்க்காத கலஹா லயத்துக் குளிரைத்தான் அவர் இன்னும் பயத்தோடு பேசுகிறார்.

அத்தைக்கு வன்னியின் முதல் வருடம் இலேசாக இருக்கவில்லை. வைகாசியில் தொடங்கும் சோளகக் காற்று ஆவணி வரை புழுதியை வாரி இறைக்கும். உடம்பெல்லாம் வேர்க்குரு. பிள்ளைகளுக்கு மலேரியா. பீலியில் கையை நீட்டினால் தண்ணீர் விழுகிற ஊரிலிருந்து போனவருக்கு, வாளி போட்டுத் தண்ணீர் இறைப்பதே ஒரு பெரிய வேலை. ஆனால் காட்டை வெட்டிப் போட்ட குடிசைக்குப் பக்கத்தில் அவர் வைத்த பப்பாசி காய்த்தபோது, தோட்டத்துரையிடம் கேட்காமல் நட்ட முதல் மரம் அது என்று கடிதம் எழுதியிருந்தார். மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம் என்று கிளிநொச்சியைச் சுற்றி எங்கள் ஆட்கள் உண்டாக்கிய ஊர்கள் எத்தனையோ. காணி உறுதிக்காக அவர்கள் அலைந்த வருடங்கள் தனிக்கதை. 2009இல் போருக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி, முள்வேலி முகாமில் இருந்து, திரும்பி வந்து அதே காணியில் மறுபடி கொட்டில் போட்டதும் தனிக்கதை. இன்று அவர் மார்கழியில் கலஹாவுக்குக் கல்யாணத்துக்கு வந்தால் இரண்டு சுவெட்டர் போட்டுக்கொண்டு அடுப்பை விட்டு நகர மாட்டார். “எலும்புக்குள்ள போகுது, எப்பிடித்தான் இருக்கீங்களோ” என்பார். அவர் பிறந்தது இந்த மலையில்தான்.

எங்கள் பெரியப்பாவின் வழி வேறு. 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எங்கள் ஆட்களை வகுத்தார்கள். மீதமிருந்த ஒன்றரை இலட்சம் பேரைப் பத்து வருடம் கழித்துப் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எந்தப் பக்கத்துக்கு விண்ணப்பம் போடுவது என்று லயங்களில் இரவிரவாகப் பேச்சு நடந்ததாம். பெரியப்பா இந்தியா என்று எழுதினார். அப்பா இலங்கை என்று எழுதினார். கண்டி ஸ்டேஷனில் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வாங்கிய ரயிலில் ஏறி, தலைமன்னாரில் இராமானுஜம் கப்பலில் கடலைக் கடந்து, மண்டபம் முகாமில் பதிந்து, சமவெளியில் ஒரு ஊரில் கடை வைக்கக் கடன் வாங்கினார் பெரியப்பா. மண்டபத்து வெயில் அவரை முதல் வாரத்திலேயே படுக்கப் போட்டது. கடை பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. கவாத்து வெட்டத் தெரியும், கொழுந்தின் வாசனை தெரியும். ஒரு வருடத்துக்குள் குடும்பத்தோடு நீலகிரிக்கு ஏறிவிட்டார்.

நீலகிரியில், தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க என்று தமிழ்நாடு அரசு 1968இல் தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்திருந்தது. பின்னாளில் அதுவே டான்டீ ஆனது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி என்று இன்றைக்கும் நம்முடைய பேச்சுக் கேட்கிற இடங்கள் உண்டு. அங்கே போனபோது எனக்கு நெஞ்சடைத்தது. அதே சரிவு, அதே பீலி, அதே கொங்காணி, தகரக் கூரை வரைக்கும் அதே. குளிர் அவரை அழைத்தது என்றுதான் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கைக்குத் தெரிந்த வேலை எங்கே இருந்ததோ அங்கே உடம்பு போனது. வேலை இருந்த இடம் குளிராக இருந்தது. தேயிலைச் செடி எந்தச் சீதோஷ்ணத்தைத் தேர்ந்தெடுத்ததோ, 150 வருடமாக அதுவே எங்களுக்கும் சீதோஷ்ணம்.

இந்தக் காலத்தில் எங்கள் பெண்கள் போகிற வெயிலை வன்னி வெயிலோடும் மண்டபத்து வெயிலோடும் ஒப்பிட முடியாது. குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் கோடையில் 40 பாகைக்கு மேலே போகிற ஊரில், வெளியே காலடி வைக்காமல், குளிரூட்டிய அறைகளைத் துடைத்துக்கொண்டு இருக்கிறார்கள். இரவு நேரத்தில் பேசும்போது முதலில் கேட்பது, “அங்க மழையா?” என்பதுதான். மழை என்று சொன்னால் கொஞ்ச நேரம் பேச மாட்டார்கள்.

அந்த மழைதான் 2025 நவம்பர் கடைசியில் எங்களை உலுக்கியது. டிட்வா புயலில் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். மண்சரிவில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் கண்டி முன்னால் நின்றது. பாதை அறுந்து, மின்சாரம் அறுந்து, பக்கத்துத் தோட்டத்தில் என்ன ஆனது என்றுகூடத் தெரியாமல் கிடந்தோம். அதற்குப் பிறகு லயங்களில் பழைய பேச்சு மறுபடி எழும்பியது. வடக்கே காணி கிடைத்தால் போகலாமா? முன்பு கலவரம் கேட்க வைத்த கேள்வியை இப்போது மலையே கேட்க வைத்தது.

இளைஞர்கள் பலர் போகலாம் என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இரவில் மழை பெய்தால் முழித்துக்கொண்டு சுவரைத் தடவிப் பார்க்கிற தாய்க்கு, சீதோஷ்ணம் என்பது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் மலையை விட்டுப் போகச் சொல்கிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. லயங்களைச் சரிவிலும் ஓடை வாயிலும் கட்டியது தோட்டம். நல்ல மேட்டையும் உறுதியான நிலத்தையும் பங்களாவுக்கும் தேயிலைக்கும் வைத்துக்கொண்டு மிச்சத்தில் ஆட்களைக் குடியேற்றினார்கள். மலை முழுவதும் சரிகிற மலையில்லை. எந்த நிலம் நிற்கும், எந்த நிலம் நிற்காது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆய்ந்து சொல்கிறது. நிற்கிற நிலத்தில் தேயிலை இருந்தால், அதைப் பிடுங்கி வீட்டுக்குக் கொடுக்கலாம். ஏழு பேர்ச் கொடுத்துத் தனிவீடு கட்டிய இடங்களில் குளிர் எப்படி மாறிப்போயிருக்கிறது என்று நான் பார்த்திருக்கிறேன். சுவரில் ஒழுக்கு இல்லை, அடுப்படி தனியாக இருக்கிறது, முன்னால் நாலு கத்தரிக் கன்று நிற்கிறது. அந்த வீட்டுப் பிள்ளைகள் மார்கழி விடியலில் இருமாமல் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

வடக்கே போக விரும்புகிறவர்களுக்குக் கிணற்றோடு இரண்டு ஏக்கரும், பேரில் எழுதிய உறுதியும் முதலில் கையில் வர வேண்டும். அத்தையைப் போல முப்பது வருடம் அலைய விடக்கூடாது. மலையில் இருக்க விரும்புகிறவர்களுக்கு, சரியாத மேட்டில் இருபது பேர்ச்சாவது வேண்டும். என்னைக் கேட்டு யாராவது படிவம் கொண்டுவந்தால் நான் இரண்டாவதில்தான் கையெழுத்துப் போடுவேன். தெல்தோட்டைப் பக்கத்தில் அப்படி ஒரு மேடு இருக்கிறது. முற்றிய, கொழுந்து குறைந்த தேயிலை அங்கே நிற்கிறது. எந்த இடம் என்று கேட்டால் காட்டவும் தயாராக இருக்கிறேன்.